கல்யாண கேக்: காசும் மிச்சம், நேரமும் மிச்சம்!



சில ஆண்டுகளுக்கு முன் ஆவடியில் நண்பர் மகளின் திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். மேடையில் ஐந்தடுக்கு கேக். ஐந்தும் அசல் கேக். மாலை ஏழரைக்கு ஜெபம் முடிந்து, மணமக்கள் கேக்கை வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள். கை தட்டினோம். அதன்பின்தான் சோதனை ஆரம்பம்.

அடுக்குகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். மேலே இறுகிப் போயிருந்த ஐசிங் கத்திக்கு மசியவில்லை. இரண்டு பையன்கள் வியர்க்க விறுவிறுக்க வெட்டினார்கள். ஒரு துண்டு விரல் அளவு, ஒரு துண்டு கை அளவு. எட்டரை ஆகியும் பாதிப் பேருக்குக் கேக் போய்ச் சேரவில்லை. அதற்குள் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அரக்கோணம் பக்கம் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கேக்கும் இல்லாமல், சாப்பாடும் இல்லாமல் கிளம்பினார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்றரை அடுக்கு கேக் மீதி! பெண்ணின் தகப்பனார் என்னிடம், "அண்ணாச்சி, கடன் வாங்கிப் போட்ட கேக்கு. வந்தவங்க வாய்க்குப் போகலியே" என்றார். மைதாவும் சர்க்கரையும் மொத்தமாக விற்கும் எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இன்று கேக் வெட்டுவது கிறிஸ்தவ இல்லத் திருமணங்களோடு நின்றுவிடவில்லை. மற்ற சமூகத்தாரின் வரவேற்புகளிலும், அறுபதாம் கல்யாணத்திலும்கூட கேக் வந்துவிட்டது. ஆகவே இது பேக்கரிக்காரருக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மளிகை, முந்திரி திராட்சை, பேப்பர் பொருட்கள், பாத்திர வாடகை என்று நம்மில் பலருக்கும் இதில் பங்கு உண்டு.

கணக்கைப் பார்ப்போம்

அடுக்கு கேக் பார்வைக்குப் பெரிது, பந்திக்குச் சிறிது. 6, 8, 10, 12 அங்குல வட்டங்களாக நான்கு அடுக்கு வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம். ஒரு துண்டுக்கு மேற்பரப்பில் 1 அங்குலத்துக்கு 2 அங்குலம் கொடுத்தால், நான்கிலும் சேர்த்து ஏறக்குறைய 134 துண்டுகள்தான் கிடைக்கும். 450 பேர் வரும் கல்யாணத்துக்கு இது எம்மாத்திரம்? எத்தனை அடுக்கு வைத்தாலும் கூடுதலாகத் தனிக் கேக் போட்டே ஆகவேண்டும்.

இன்னொரு கணக்கு: 10 அங்குல வட்டக் கேக்கில் 39 துண்டு என்றால், 10 அங்குலச் சதுரக் கேக்கில் 50 துண்டு. பெட்டியும் பலகையும் அதே அளவு. சதுரத்தில் கால் பங்குக்கு மேல் கூடுதல்.

இப்போது டிரேயில் சுடும் ஸ்லாப் கேக்குக்கு வருவோம். 12 அங்குலத்துக்கு 18 அங்குல டிரே. ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டினால் நீளவாட்டில் 12, அகலவாட்டில் 8, ஆக 96 துண்டு. ஐந்து டிரேயில் 480 துண்டு. துண்டு 40 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 19 கிலோ 200 கிராம்தான். இதற்கு ஐசிங் வேலை இல்லை, பூ வேலை இல்லை. அடுக்கு கேக்கில் விலையை ஏற்றுவது மாவும் முட்டையும் அல்ல. அலங்காரக் கூலிதான் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். மண்டபத்தில் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு துண்டு வெட்டித் தட்டில் வைக்கிறார் என்றாலும் 480 துண்டுக்கு 80 நிமிடம். முதல் நாளே வெட்டி, பட்டர் பேப்பரில் மடித்து வைத்துவிட்டால்? நான்கு பேர், ஆளுக்கு ஒரு தட்டில் 40 துண்டு, மூன்று சுற்று. சுற்றுக்கு நான்கு நிமிடம் என்றால் 12 நிமிடத்தில் மண்டபம் முழுவதும் முடிந்தது!

"அப்படியானால் மேடைக்கு என்ன?" என்று கேட்பீர்கள். மேடைக்கு ஒரே ஓர் அடுக்கு அசல் கேக். மற்றவை ஐசிங் பூசிய டம்மி. மணமக்கள் வெட்டும் அடுக்கு மட்டும் உண்மையாக இருந்தால் போதும்.

இது ஏமாற்று வேலையா?

இல்லை. மேல்நாட்டாரே செய்ததுதான். 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக் ஏறக்குறைய 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. அந்த நாட்டிலேயே நூறு ஆண்டு கழித்து இரண்டாம் உலகப் போர் வந்தது. சர்க்கரைக்கு ரேஷன். 1940இல் கேக் மீது சர்க்கரை ஐசிங் பூசவே அரசு தடை விதித்தது. பேக்கரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அட்டையில் அடுக்கு கேக் போலக் கூடு செய்து வாடகைக்கு விட்டார்கள். உள்ளே சிறிய கேக் ஒன்று இருக்கும். போட்டோவுக்குக் கூடு, வாய்க்குச் சிறு கேக்! 1947இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு 9 அடி உயர, நான்கு அடுக்கு, 500 பவுண்டு கேக் செய்தபோதும் ரேஷன் நீங்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து பொருட்கள் வந்தன.

இலங்கையில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. ரவை, முந்திரி, நீற்றுப்பூசணிப் பாகு எல்லாம் சேர்ந்த கனமான கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டு விருந்தினர் கையில் கொடுக்கிறார்கள். மேடையில் நிற்கும் அடுக்கு பெரும்பாலும் டம்மிதான். விருந்தாளி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார். யாரும் குறை சொல்வதில்லை.

நம் ஊருக்கு ஏற்ற முறை

இங்கே வெயிலும் ஈரமும்தான் எதிரி. தவக்காலத்தில் திருமணம் பெரும்பாலும் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் கல்யாணம் குவியும். அதுவோ அக்னி வெயில். கிரீம் கேக் மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரம் நின்றால் சரியத் தொடங்கும். மழைக்காலத்திலோ ராயல் ஐசிங் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஆகவே துண்டு போட பிளம் கேக்கே சிறந்தது. பழமும் சர்க்கரையும் மிகுந்திருப்பதால் பல நாள் தாங்கும். அவசரமில்லாமல் முன்கூட்டியே சுடலாம்.

கவனிக்க வேண்டியவை சில:

1. கேக் நன்றாக ஆறிய மறுநாள் வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும்.

2. வருவோர் எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து துண்டு கூடுதல் போதும்.

3. முட்டை சேர்த்தது, சேர்க்காதது இரண்டையும் தனித்தனித் தாளில், தனித்தனித் தட்டில் வையுங்கள். உணவுப் பொருள் சட்டப்படி முட்டை அசைவக் கணக்கில் வருகிறது. இதில் தவறு நேர்ந்தால் வாடிக்கையாளர் மனம் புண்படும்.

4. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும், உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளும் தடை. பட்டர் பேப்பர், பாக்குமட்டைத் தட்டு பயன்படுத்துங்கள்.

5. டம்மி அடுக்கும் அசல் அடுக்கும் நேராக ஒட்டக்கூடாது. நடுவில் பட்டர் பேப்பர் விரித்த அட்டை வையுங்கள். கத்தி வைக்க வேண்டிய இடத்தை மணமக்களுக்கு முன்பே காட்டிவிடுங்கள். தெர்மாகோலில் கத்தி கிரீச்சிட்டால் மேடையில் மானம் போகும்!

6. மே 5 வணிகர் தினம். அன்று கடை அடைப்பு. அதையொட்டிய முகூர்த்தத்துக்கு மைதா, சர்க்கரை, தாள் எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

நாணயமே முதல்

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. டம்மி வைப்பது தவறல்ல. டம்மியை வைத்துவிட்டு அசலுக்குக் காசு வாங்குவதுதான் தவறு. ஆர்டர் சீட்டில் "அசல் அடுக்கு 1, டம்மி 3, ஸ்லாப் துண்டு 480" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டம்மிக்கு வாடகையைத் தனியாகக் காட்டுங்கள். கேக்கின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைப்பும் பில்லில் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும்.

"ஐந்தடுக்கு ஆர்டர் போய்விட்டால் நமக்கு நஷ்டம் அல்லவா?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். என் அனுபவம் வேறு. அடுக்கு கேக்குக்கு இரவெல்லாம் கண்விழிக்கும் ஆள், அதே நேரத்தில் இரண்டு மூன்று கல்யாணத்துக்கு ஸ்லாப் கேக் போட்டுவிடலாம். டம்மி ஒருமுறை செய்தால் பலமுறை வாடகைக்குப் போகும். வழியில் கேக் சரிந்தது, உடைந்தது என்ற வம்பும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவு குறைந்த வீட்டார் அடுத்த கல்யாணத்துக்கும் நம் கடைப் படிதான் ஏறுவார்கள்.

அந்த ஆவடி நண்பரின் இளைய மகளுக்கும் பிறகு திருமணம் நடந்தது. இந்த முறை மேடையில் ஓர் அசல் அடுக்கு, மேலே டம்மி, பின்னால் ஐந்து டிரே. கேக் வெட்டிக் கால் மணி நேரத்தில் எல்லோர் கையிலும் துண்டு இருந்தது. ரயிலுக்குப் போனவர்களும் சாப்பிட்டுவிட்டே போனார்கள். தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் மிச்சப்படுத்தும் காசு நமக்கு நஷ்டம் அல்ல. அது நம் கடைக்கு அவர் போட்டு வைக்கும் முன்பணம்.