வேலூர்த் தோல் வட்டாரத்தின் பழைய லேலண்டு, பெட்ஃபோர்டு லாரிகள்

பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்களான இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றின் சரக்குப் போக்குவரத்தில் 1950கள் முதல் 1980கள் வரை பிரித்தானிய வடிவமைப்பில் உருவான லாரிகள் முக்கிய இடம் பெற்றிருந்தன. இவற்றுள் லேலண்டு காமெட், பெட்ஃபோர்டு ஆகிய இரண்டும் நன்கு அறியப்பட்டவை. பச்சைத் தோல், மரப்பட்டை, சுண்ணாம்பு, பதனிட்ட தோல் ஆகியவை இவற்றில் ஏற்றப்பட்டன. இந்த வண்டிகள் எந்த ஆண்டில், எங்கே தயாரிக்கப்பட்டன என்பது நிறுவன வரலாறுகளில் பதிவாகியுள்ளது. அவை எவ்வாறு ஓட்டப்பட்டன, வழியில் பழுதானபோது எவ்வாறு கிளப்பப்பட்டன, அவற்றை ஓட்டியவர்களின் உடல் என்ன பாடுபட்டது என்பவை பெரும்பாலும் முதிய ஓட்டுநர்களின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன.

பெயரும் சொற்களும்

தமிழில் சரக்குந்து, சுமையுந்து என்ற சொற்கள் இருந்தாலும் பேச்சு வழக்கில் நிலைத்த சொல் லாரி. இது பிரித்தானிய ஆங்கிலச் சொல். அமெரிக்கர்கள் இதே வண்டியை டிரக் என்பர். ஓட்டுநர்கள் இன்றும் வழங்கும் பானட், ஸ்பேனர், சைலன்சர் போன்ற சொற்களும் இதே வழியில் வந்தவை. மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் ஸ்டெப்னி என்னும் சொல், 1900களின் தொடக்கத்தில் வேல்சு நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் தயாரிக்கப்பட்ட மாற்றுச் சக்கரத்தின் பெயராகும். பிரிட்டனில் ஏறக்குறைய மறைந்துவிட்ட இச்சொல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது.

லேலண்டு என்பது இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் உள்ள ஓர் ஊர். அங்கு 1896இல் நீராவி வண்டி நிறுவனமாகத் தொடங்கியதே பின்னர் லேலண்டு மோட்டார்ஸ் ஆனது. பீவர், ஹிப்போ, ஆக்டோபஸ் என்று தன் லாரிகளுக்கு விலங்குப் பெயர்களைச் சூட்டுவது அந்நிறுவனத்தின் வழக்கம். 1947இல் வெளிவந்த காமெட் இதற்கு விலக்கு. அதன் பொருள் வால்வெள்ளி. இந்திய நிறுவனமும் பின்னர் டாரஸ், சீட்டா போன்ற பெயர்களை வைத்தது. இவற்றுள் டாரஸ் என்பது எந்த நிறுவனம் செய்ததாயினும் பல அச்சு கொண்ட பெரிய லாரியைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவே தமிழில் மாறிவிட்டது.

லாரிக்குத் தேவை ஏற்பட்ட காரணம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. ஆகவே தோல் வட்டாரத்தின் கிழக்கு வாயிலுக்கு ரயில் மிக முன்னதாகவே வந்துவிட்டது. ஆனால் வாலாஜா ரோடு, காட்பாடி ஆகிய நிலையங்கள் பாலாற்றின் வடகரையிலும், ஆற்காடும் மேல்விஷாரமும் தென்கரையிலும் உள்ளன. ரயிலில் வந்திறங்கிய சரக்கும் ஆற்றைக் கடந்து சாலை வழியாகவே மேல்விஷாரத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தது. முதலில் மாட்டு வண்டிகளும் பின்னர் லாரிகளும் அந்த வேலையைச் செய்தன.

மேல்விஷாரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையின் மேலேயே அமைந்த ஊர். டேனரி வாசலில் ஏற்றிய சரக்கை இடையில் இறக்கி ஏற்றாமல் சென்னைப் பெரியமேட்டின் தோல் கிடங்குகளிலோ துறைமுகத்திலோ இறக்க லாரியால் முடிந்தது. மாலையில் ஏற்றிப் புறப்பட்டால் விடிவதற்குள் சென்னை சேரலாம் என்பது ரயிலால் தர இயலாத வசதி.

வண்டிகள் வந்த வழி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் பங்கீடு இருந்ததால் பல வண்டிகள் கரி வாயுவில் ஓடின. போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவ்ரலே, பெட்ஃபோர்டு வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. இவை "டிஸ்போசல் வண்டி" எனப்பட்டன.

பெட்ஃபோர்டு என்பது 1931 முதல் இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் தயாரித்த லாரியின் பெயர். அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றது. முழு உற்பத்தித் திட்டம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இடமில்லை என்று இந்திய அரசு முடிவெடுத்தபின் 1954இல் அது வெளியேறியது. பின்னர் பெட்ஃபோர்டு லாரிகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது.

லேலண்டின் வரவு சென்னை வழியே நிகழ்ந்தது. ரகுநந்தன் சரண் 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார். நிறுவனத்தின் பெயர் அவருடைய மகனின் பெயராகும். 1950இல் லேலண்டுடன் உடன்பாடு ஏற்பட்டு, 1951இல் முதல் காமெட் வண்டிகள் எண்ணூரில் பூட்டப்பட்டன. 1955இல் நிறுவனம் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறியது. காமெட் 350 என்பதில் உள்ள எண் இயந்திரத்தின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிக்கும்; இது ஏறத்தாழ 5.7 லிட்டர்.

சென்னைக்கு மற்றொரு பங்கும் உண்டு. சிம்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்களை உரிமம் பெற்றுத் தயாரித்தது. பழைய பெட்ரோல் லாரியின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு பெர்க்கின்ஸ் டீசலைப் பொருத்திக்கொள்வது எரிபொருள் செலவைக் குறைத்தது. 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து வெளிவந்த டாடா–மெர்சிடிஸ் பென்ஸ் லாரியே இவற்றுக்கெல்லாம் பெரிய போட்டி. அந்த ஜெர்மன் கூட்டு 1969இல் முடிந்த பின்னும் ஓட்டுநர்கள் டாடா வண்டியைப் பென்ஸ் என்றே அழைத்துவந்தனர்.

சுமையின் தன்மை

பச்சைத் தோல் விரைவில் அழுகும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு உப்பு இடுவர். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுப்பதால் நுண்ணுயிரிகள் பெருக முடியாது. ஆனால் அந்த நீர் பயணம் முழுவதும் லாரியின் மரப்பலகை இடுக்கில் வடிந்துகொண்டே இருக்கும். இரும்புச் சட்டம், போல்ட்டுகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றை உப்புநீர் அரிக்கும். ஆகவே பச்சைத் தோல் இறக்கிய வண்டியை உடனே அடிவரை கழுவுவது அழகுக்கான வேலையாக இல்லாமல் வண்டியின் ஆயுளைக் காக்கும் வேலையாக இருந்தது. நாற்றம் மட்டும் கழுவினாலும் எளிதில் போகாது.

ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவை இதற்கு நேர்மாறானவை. எடை குறைவு, இடம் அதிகம். உயர்த்தி ஏற்றினால் வண்டி வளைவில் சாயும். நனைந்தால் பட்டையின் பதனிடும் சத்து கரைந்து வீணாகும் என்பதால் தார்ப்பாய் கட்டுவதில் கவனம் வேண்டும். பதனிட்ட தோல் கட்டுகள் விலை மதிப்புள்ளவை. மழையும் திருட்டும் அவற்றுக்குப் பகை. ஒரே ஓட்டுநர் போகும்போது ஒரு வகைச் சுமைக்கும் திரும்பும்போது வேறு வகைச் சுமைக்கும் ஏற்ப வண்டியை நடத்த வேண்டியிருந்தது.

ஓட்டும் முறை

பழைய லாரிகளின் கியர்பெட்டியில் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு இல்லை. எனவே ஓட்டுநரே அதைச் செய்ய வேண்டும். இதற்கு டபுள் கிளட்ச் என்று பெயர். மேல் கியருக்குப் போக, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, இயந்திரத்தின் வேகம் சற்றுத் தணிந்ததும் மீண்டும் மிதித்துக் கியரைச் சேர்க்க வேண்டும். கீழ்க் கியருக்கு வரும்போது நியூட்ரலில் ஒருமுறை ஆக்சிலரேட்டரை அழுத்தி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதைக் காட்டும் கருவி கிடையாது, காதுதான் அளவுகோல். தவறினால் பற்கள் கறகறவென்று உரசும். ஓட்டுநர் புதியவரா பழகியவரா என்பதைச் சாலையோரத்தில் நிற்பவர்கூட அந்த ஒலியை வைத்துச் சொல்லிவிடுவார்.

இந்தத் திறமை உயிரோடு தொடர்புடையது. பாலாற்றுச் சமவெளியில் மேல்விஷாரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பேரணாம்பட்டுக்கு மேற்கே பத்தலப்பல்லி மலைப்பாதை, சித்தூர்–பலமநேர் சாலையில் மொகிலி மலைப்பாதை, சேலம் வழியில் தொப்பூர் கணவாய் ஆகிய இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ்க் கியரைச் சேர்த்து இயந்திரத்தின் இழுவையால் வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும். இறக்கத்தின் நடுவே கியர் மாற்ற முயன்று சேராமல் போனால் வண்டி நியூட்ரலிலேயே ஓடத் தொடங்கும். "ஏறின கியரிலேயே இறங்கு" என்ற அறிவுரையின் பொருள் இதுவே.

பவர் ஸ்டீரிங் பரவாத காலத்தில் சுமையேற்றிய வண்டியை மெதுவான வேகத்தில் திருப்பத் தோள் வலிமை தேவைப்பட்டது. இயந்திரத்தின் வெப்பம் நேரே காலடிக்கு வரும். டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்தால் பம்பின் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பின்பே வண்டி கிளம்பும். "ஏர் எடுத்தல்" எனப்பட்ட இவ்வேலை நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் நடப்பதும் உண்டு. கூடுதல் பாரம் தாங்குவதற்காகப் பட்டறைகளில் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துக் கட்டினர். இங்கிலாந்தில் வரையப்பட்ட வண்டி இந்தச் சாலைக்கு ஏற்றதாக இப்படித்தான் மாறியது.

கிளீனர் என்னும் மாணவர்

பெரும்பாலான ஓட்டுநர்கள் கிளீனராகத் தொடங்கியவர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுதல், டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றை அறிதல், தார்ப்பாயும் கயிறும் இறுக்குதல், இடப்பக்கம் எட்டிப் பார்த்து வழி சொல்லுதல் ஆகியவை அவர்களின் பணி. மேட்டில் வண்டி நின்றுவிட்டால் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவது மிக ஆபத்தான வேலை. ஓட்டுநரை "அண்ணே" என்றோ "பாய்" என்றோ அழைத்து, ஏச்சும் வாங்கி, ஆளில்லாத நேர்ச்சாலையில் சில மைல் ஸ்டீரிங் பிடிக்கக் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருந்தனர். பாடநூல் இல்லாத இந்தக் கல்வி சில ஆண்டுகள் நீடித்தது. வருவாய்க்காகப் பள்ளியை விட்டுச் சிறுவயதிலேயே வண்டியேறியவர்களும் இவர்களுள் உண்டு என்பது இதன் மறுபக்கம்.

உழைப்பும் சட்டமும்

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. தொலைதூர வழித்தடங்களில் ஒப்புதலுடன் நாளுக்கு 10 மணி நேரமும் வாரத்துக்கு 54 மணி நேரமும் வரை போக முடிந்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே இச்சட்டம் பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்த உரிமையாளர்களிடம் வேலை செய்தவர்கள் இதன் வரம்புக்குள் வரவில்லை. சம்பளத்தோடு நடைக்கு நடை பேட்டா என்ற முறை இருந்ததால், ஓய்வெடுத்தால் வருமானம் குறையும். தூக்கத்தை விரட்டித் தேநீரில் ஓடிய இரவுகள் ஓட்டுநர் நினைவுகளில் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம். முதுகுவலி, காது மந்தம் ஆகியவை பலருக்கு அந்த ஆண்டுகளின் மிச்சம்.

மாறிய காலம்

சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரைகளைத் தொடர்ந்து, பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வது கட்டுப்படுத்தப்பட்டது. வட்டாரம் முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறியது. மரப்பட்டையின் இடத்தில் இரசாயனப் பீப்பாய்கள் ஏறின. 1975இல் வந்த தேசிய பர்மிட் முறை தொலைதூர ஓட்டத்தைப் பெருக்கியது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் தொடங்கியபின், தார்ப்பாய் கட்டிய தோல் கட்டுகளுக்கு மாற்றாகப் பூட்டிய கொள்கலன்கள் டிரெய்லர்களில் சென்றன. 2000களில் நெடுஞ்சாலை நான்கு வழியானது. பழைய காமெட்டுகள் செங்கல், மணல் ஏற்றும் உள்ளூர் வேலைக்கு இறங்கி, இறுதியில் பழைய இரும்பு விலைக்குப் போயின.

நினைவுகளைப் பதிவுசெய்தல்

லேலண்டு ஊரில் 1983 முதல் பிரித்தானிய வணிக ஊர்திகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அங்கு வண்டிகள் பழைய வண்ணத்திலேயே காக்கப்படுகின்றன. தோல் வட்டாரத்தில் வண்டிகள் எஞ்சவில்லை, ஓட்டியவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். 1970இல் இருபது வயதில் உரிமம் பெற்றவருக்கு இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்திருக்கும்.

இவர்களிடம் உரையாட விரும்பும் மாணவர்கள் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, வண்டி, வழி, சுமை, கூலி, பழுது என ஒவ்வொன்றாகக் கேட்பது பயன் தரும். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எங்கே தண்ணீர் ஊற்றினீர்கள், எந்த மேட்டில் எந்தக் கியர் என்ற கேள்விகளுக்குத் துல்லியமான விடைகள் கிடைக்கும். ஆண்டுகள் குழம்பலாம், பழைய உரிமம், வண்டியின் ஆர்.சி. புத்தகம், பர்மிட் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். டபுள் கிளட்ச் போடும் ஒலியை வாயாலேயே செய்து காட்டுபவர்களும் உண்டு. அதை ஒலிப்பதிவாகவே வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தில் அது அடங்காது.