சிறிய காரும் காற்றின் தடையும்



காற்று கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அதற்கும் எடையுண்டு. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராக உள்ள பெட்டியொன்றை எண்ணிக் கொள்ளுங்கள். அதனுள் அடங்கும் காற்று ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமான எடையுடையது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சிறிய கார், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ அறுபது பெட்டி அளவு காற்றை விலக்கித் தனக்கு வழி செய்து கொள்கிறது. இவ்வேலைக்குரிய கூலி பெட்ரோலாகச் செலவாகிறது. அந்தப் பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பவர் உங்கள் தந்தையார். ஆகவே, இது அறிவியல் பாடம் மட்டுமன்று, குடும்பக் கணக்குமாகும்.

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனத்தின் கஞ்சில் வந்தது. கஞ்சில் என்னும் மலாய்ச் சொல் சருகுமானைக் குறிக்கும். பெயருக்கேற்பச் சிறிய உடலும் 660 சி.சி. இயந்திரமும் உடைய அக்கார், தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றிற்கு முதற்காராக அமைந்தது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் அதே 1994ஆம் ஆண்டில்தான். செம்மண் பாதையில் மெல்லச் சென்றவர்கள், செடெனாக்கில் ஏறி நெடுஞ்சாலையில் விரையலாயினர். அன்று முதல் காற்று நமக்கு ஒரு செலவாளியாயிற்று.

தோட்டப் பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதன்று. வேகம் கூடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. வேகம் இருமடங்கானால் காற்றுத் தடை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒரு சாதாரணச் சிறிய காரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் அதனைப் பின்னுக்குத் தள்ளும் காற்றின் விசை, ஏறத்தாழ ஒரு 10 கிலோ அரிசிப் பையின் எடைக்குச் சமம். 110 கிலோமீட்டர் வேகத்தில் அவ்விசை நான்கு அரிசிப் பைகளுக்குச் சமமாகிவிடும். வழி நெடுகிலும் இச்சுமையை எதிர்த்தே இயந்திரம் காரைச் செலுத்துகிறது.

தடையின் அளவு வேகத்தை மட்டுமன்றி, உருவத்தையும் பொறுத்தது. இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். சிறுவர்கள் பெரியவர் உடனிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியின் முன் உருண்டையான புட்டி ஒன்றை வைத்து, புட்டியின் மறுபுறமிருந்து ஊதுங்கள். புட்டி மறைத்து நின்றும் சுடர் அணைந்துவிடும். காற்று புட்டியின் வளைவைத் தழுவிச் சென்று பின்புறம் மீண்டும் கூடுவதே காரணம். இனி, புட்டியின் அகலமுள்ள தட்டையான அட்டையை வைத்து ஊதுங்கள். சுடர் அணையாது, அட்டையை நோக்கியே சாயும். அட்டையின் விளிம்பில் காற்று பிரிந்து, பின்னால் சுழலாக மாறி, அங்கே அழுத்தம் குறைந்துவிடுகிறது. கார்களைப் பின்னுக்கு இழுப்பதும் பெரும்பாலும் இத்தகைய சுழலே. ஆகவே, காரின் முன்புறம் மட்டும் வழவழப்பாக இருந்தாற் போதாது. பின்புறமும் காற்று அமைதியாகப் பிரியுமாறு அமைதல் வேண்டும். மீனின் உடல் தலையில் திரண்டு, வாலில் ஒடுங்கியிருப்பதை ஒப்பிட்டு நோக்குக.

இவ்வுண்மையை அறிஞர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டனர். எட்மண்ட் ரும்ப்லர் என்பவர் 1921ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் நீர்த்துளி வடிவக் கார் ஒன்றைக் காட்டினார். உருவத்தால் விளையும் தடையை அளக்க ஓர் எண் உண்டு. தட்டையான பலகைக்கு அது ஒன்றுக்குச் சற்று மேலிருக்கும். 1979ஆம் ஆண்டு அப்பழைய காரைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது அவ்வெண் 0.28 என்றே வந்தது. இக்காலக் கார்களுக்கு ஒப்பான அளவு இது! ஆனால், நீண்ட வால் சிறிய காருக்குப் பொருந்துமா? 1930களில் ஜெர்மானியப் பேராசிரியர் வுனிபால்ட் காம் இதற்கு விடை கண்டார். ஒடுங்கத் தொடங்கிய வாலை இடையிலேயே செங்குத்தாக வெட்டிவிட்டாலும் பயனில் பெரும்பகுதி கிட்டும் என்பதே அவர் காட்டிய வழி. இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் பின்கண்ணாடியின் மேல் கூரை சற்றே நீண்டு நிற்பதும், பின் ஓரங்கள் கூர்மையாய் இருப்பதும் காற்றை ஒழுங்காகப் பிரித்துவிடவே.

காரின் உருவத்தை நாம் மாற்ற இயலாது. ஆயினும், நாம் செய்யத் தக்கவை சில உள:

1. வேகத்தைக் குறைத்தல். 110இலிருந்து 90க்குக் குறைத்தால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். சக்கரங்களின் உராய்வு முதலியன இருப்பதால் பெட்ரோல் அதே அளவு குறையாது. எனினும் மிச்சம் கண்கூடு. 60 கிலோமீட்டர் பயணத்தில் இதனால் நேரும் தாமதம் ஏழு நிமிடங்களே.

2. கூரைச் சுமையை நீக்குதல். தைப்பூசத்திற்குப் பத்துமலை சென்று திரும்பியதும், கூரையின் மேலுள்ள சட்டத்தைக் கழற்றி வையுங்கள். கூரையில் பெரிய பெட்டி ஏற்றி நெடுஞ்சாலையில் விரைந்தால், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் 10 முதல் 25 விழுக்காடு வரை குறையக்கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. சாமான்களைக் காரின் உள்ளே வைப்பதே சிறப்பு.

3. விரைந்து செல்லும்போது சன்னல்களை மூடுதல். தோட்டப் பாதையில் திறந்து வைப்பதால் கேடில்லை.

4. அலங்கார இறக்கைகளைத் தவிர்த்தல். கடையில் வாங்கிப் பின்னால் பூட்டும் பெரிய இறக்கை, காரைச் சாலையோடு அழுத்துவதற்கானது. அது தடையைக் கூட்டுவதே பெரும்பான்மை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. லோரியின் பின்னால் மிக நெருங்கிச் சென்றால் காற்றுத் தடை குறையும் என்பது மெய்யே. ஆனால், லோரி திடீரென நின்றால் காரை நிறுத்த இடமிராது. மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் குப்புறப் படுத்து விரையும் இளைஞர்களும் காற்றை ஏமாற்றவே அவ்வாறு செய்கின்றனர். படுத்தவாறு செல்பவனுக்குச் சாலையும் சரிவரத் தெரியாது; நிறுத்தும் வலிமையும் இராது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் நள்ளிரவுக்குப் பின் சாலைக்கு வந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். அத்துயரம் நம் மாநிலத்தில் நேர்ந்தது. பெற்றோர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.

அறிவியலைக் கற்பது, வேகத்திற்கு அடிமையாவதற்காக அன்று. சிக்கனமாகவும் பத்திரமாகவும் வீடு வந்து சேர்வதற்காகவே. அடுத்த முறை காரில் ஏறும்போது, மாணவர்களே, கூரையின் மேல் வேண்டாத சட்டம் இருக்கிறதா என்று பார்த்துத் தந்தையாரிடம் சொல்லுங்கள். வேகமானியின் முள் எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். சிறு துளி பெருவெள்ளம். சேமித்த பெட்ரோல் உங்கள் கல்விக்கு உதவும்.