பொட்டெலும்பின் பாறைப் பகுதி: அமைப்பும் நோயும் அறுவையும்

திண்டு போன்ற பாறையால் திண்டுக்கல் பெயர் பெற்றது என்பர். மனித மண்டையோட்டிலும் பாறையின் பெயர் தாங்கிய பகுதி ஒன்றுண்டு. பொட்டெலும்பின் உட்புறத்தில் அமைந்த அப்பாறைப் பகுதி உடலின் மிகக் கடினமான எலும்புகளுள் ஒன்றாகும். இரண்டரைச் சுற்றுடைய நத்தைச்சுருளும் உடற்சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களும் அதனுள் உள்ளன. முகநரம்பும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியும் அதனூடே செல்கின்றன.

பெயர் பாறையாயினும் அது முழுவதும் கெட்டியன்று. ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு அதன் நுனியில் காற்றறைகள் உள்ளன. நடுச்செவிச் சீழ் அவ்வழியே பரவி நுனியை அடையும்போது காதொழுக்கு, கண்ணின் பின்புற வலி, இரட்டைப் பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றலாம். 1904இல் இத்தாலிய மருத்துவர் கிரடெனிகோ விளக்கிய இந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஐந்தாம், ஆறாம் மூளை நரம்புகள் இந்நுனியை ஒட்டிச் செல்வதே வலிக்கும் பார்வைக் கோளாற்றுக்கும் காரணம். எனவே இரட்டைப் பார்வையென்று வருபவரிடம் காதைப் பற்றியும் வினவுதல் வேண்டும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வீட்டு வழக்கம், செவிப்பறை கிழிந்தவர்க்குத் தீங்கே தரும், சிகிச்சையையும் தாமதப்படுத்தும்.

சி.டி. ஸ்கேன் நோயின் பரவலைக் காட்டும். முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நரம்புவழி ஊசியாகச் செலுத்தப்படும். அது போதாதபோது, காதின் பின்னுள்ள எலும்பை நுண்ணோக்கியின் துணையுடன் குடைந்து சீழ் வெளியேற வழி செய்வர். கேள்வித்திறன் எஞ்சியிருப்பின் நத்தைச்சுருளைத் தொடாமல் சுற்றிச் செல்வர்; முற்றிலும் இழந்த காதாயின் அதனூடேயே செல்லவும் இயலும். 2022இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்களும் இவ்வெலும்பை முதலாண்டு உடற்கூற்றியலிலேயே கற்கின்றனர்.