நெகட்டிவ் கறுத்தால் படம் வெளிறும்

அமெரிக்கத் திருமணப் படங்களில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில் எடுத்தவற்றில், ஒரு தனிச் சாயலைப் பார்த்திருப்பீர்கள். மணப்பெண்ணின் வெள்ளை உடை ஒளியில் பாதி கரைந்திருக்கும். முகத்தில் பீச் பழ நிறம், பின்னால் புல்வெளியில் வெளிறிய புதினாப் பச்சை. நிழல் விழுந்த இடத்தில்கூட அடர்ந்த கறுப்பு இருக்காது. ஹோசே வியா போன்ற திருமணப் படக் கலைஞர்கள் இந்தச் சாயலைப் பரவலாக்கினார்கள். இன்று கைபேசிச் செயலிகள் ஒரே தட்டலில் இதைத் தருவதாகச் சொல்கின்றன. ஆனால் இதன் பிறப்பிடம் கலர் நெகட்டிவ் ஃபிலிம். அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளிச்சம் கொடுத்துப் பெறுகிற சாயல் இது.

கூடுதல் வெளிச்சம் பட்டால் படம் வெளுத்துப் போகாதா? ஸ்லைடு ஃபிலிமில் போய்விடும். வெல்வியா போன்ற ஃபிலிமில் ஒரு ஸ்டாப் கூடினாலே, அதாவது ஒளி இருமடங்கானாலே, வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிஜிட்டல் கேமராவிலும் ஒரு எல்லையைத் தாண்டிய வெளிச்சத்தை மீட்க முடியாது. நெகட்டிவ் அப்படியல்ல. அதில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும். கூடுதலாகப் பட்டால் கூடுதலாகக் கறுக்கும். மேலே போகப் போக அந்தக் கறுப்பு ஏறும் வேகம் மெல்லக் குறையும். அதனால் வெள்ளைச் சேலைக்கும் அதன் மடிப்புக்கும் இடையிலான வேறுபாடு சுருங்குமே தவிர, ஒரேயடியாக அழியாது. அந்தச் சுருக்கம்தான் நம் கண்ணுக்கு மென்மையாகத் தெரிகிறது.

ஃபிலிமின் உள்ளே நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்குத் தனித்தனி அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பெரிய வெள்ளி உப்புத் துகள்களும் சிறிய துகள்களும் இருக்கும். பெரியவை குறைந்த ஒளியிலேயே விழித்துக்கொள்ளும். சிறியவற்றுக்கு நிறைய ஒளி வேண்டும். சி-41 என்கிற கலர் நெகட்டிவ் கழுவும் முறையில் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி டெவலப்பரில் கழுவும்போது, ஒளி பட்ட துகளைச் சுற்றிச் சாயம் உருவாகிறது. பிறகு வெள்ளியை நீக்கிவிடுவதால் சாயம் மட்டும் மிஞ்சும். தாராளமாக ஒளி கொடுத்தால் சிறிய துகள்களும் வேலைக்கு வருகின்றன. சாயப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சொரசொரப்பு அடங்கி, தோல் வழவழப்பாகத் தெரிகிறது. ஒளி குறைந்தாலோ நிழல்கள் சேறு படிந்தாற்போல மங்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஒரு உதாரணம். 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம், கொடாக் போர்ட்ரா 400 என்று வைத்துக்கொள்வோம். மரநிழலில் ஒருவர் நிற்கிறார். கையில் பிடிக்கும் லைட் மீட்டரில் ஐ.எஸ்.ஓ.வை 200 என்று வைக்கிறோம். அதன் வெள்ளைக் குமிழை அவர் கன்னத்தருகே, ஒளி குறைந்த பக்கமாகத் திருப்பி அளக்கிறோம். எஃப்/2.8, 1/250 என்று காட்டுகிறது. 400-க்கு வைத்திருந்தால் 1/500 வந்திருக்கும். ஆக ஒரு ஸ்டாப் கூடிவிட்டது. நிழல் பக்கத்தை அளந்ததால் வெளிச்சமான பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப். பெரும்பாலான படங்களுக்கு இது போதும். மூன்றைத் தாண்டினால் நிறங்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும்.

அந்தச் சாய்வு ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். போர்ட்ரா இளமஞ்சளும் பீச்சுமாகக் கனியும். புதினாப் பச்சைக்குப் பேர்போனது ஃபியூஜி புரோ 400எச். வழக்கமான மூன்றோடு நான்காவதாக ஒரு நிற உணர் அடுக்கும் அதில் இருந்தது. அந்த அடுக்குக்கான மூலப்பொருள் கிடைப்பது கடினமானதால், 2021 ஜனவரியில் அந்த ஃபிலிமைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. கலர் ஃபிலிம் பிரியர்களுக்கு அது பெரிய இழப்பு.

எக்ஸ்போஷர் மட்டும் இந்தச் சாயலைத் தந்துவிடாது. உச்சி வெயிலில் எத்தனை ஸ்டாப் கூட்டினாலும் மூக்கின் நிழல் கத்தியாகவே விழும். திறந்த நிழல், மேகமூட்டம், சாயங்கால வெயில் முதுகுப்புறம் விழும் நேரம் ஆகியவையே இதற்கு ஏற்றவை. உடையும் பின்னணியும் இளநிறமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடர்சிவப்புப் பட்டுச் சேலையை எந்த ஃபிலிமாலும் இளஞ்சிவப்பாக்க முடியாது.

மீதி வேலை ஸ்கேனரில். கறுத்த நெகட்டிவை ஃபிரான்டியர் அல்லது நோரிட்சு ஸ்கேனரில் போடும்போது, ஒளிர்வையும் கான்ட்ராஸ்டையும் முடிவு செய்பவர் லேபில் இருப்பவர். அவர் தானியங்கித் திருத்தத்தை நம்பிக் கறுப்பை ஏற்றிவிட்டால், நீங்கள் கூட்டிக் கொடுத்த வெளிச்சம் படத்தில் தெரியாது. விரும்பும் சாயலில் ஒரு மாதிரிப் படத்தை ரோலோடு சேர்த்துக் கொடுங்கள்.

முதல் ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். ஒரே ஆளை, ஒரே நிழலில், 400, 200, 100, 50 என்று மீட்டரை மாற்றி எடுத்துக் குறித்து வையுங்கள். கழுவக் கொடுக்கும்போது “நார்மலாகவே கழுவுங்கள், நேரத்தைக் குறைக்க வேண்டாம்” என்று சொல்ல மறக்காதீர்கள்.