பீங்கான் பந்துக்கு அவசரமில்லை

விருத்தாசலத்தில் பீங்கான் என்றால் பொம்மை, அகல், ஃபியூஸ் கட்டை. மனித உடம்புக்குள் போகும் பீங்கானும் உண்டு. 1970-ல் பிரான்சில் பியர் பூட்டான் என்ற மருத்துவர், அலுமினாவைச் சுட்டுச் செய்த இடுப்பு மூட்டைப் பொருத்தினார். தேய்மானம் மிகக் குறைவு. அப்படியானால் இடுப்பு வலியால் நொண்டும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் அதையே வைத்துவிடலாமே? கூடாது. எந்தச் செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. அவளோ இன்னும் அறுபது வருஷம் நடக்கவேண்டியவள்.

இந்தச் சின்ன வயதில் இடுப்பு ஏன் வலிக்கிறது? தொடை எலும்பின் பந்து இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்கிறது. சிலருக்கு அந்தக் குழி ஆழமில்லாமல் அகல் விளக்குபோல அமைந்துவிடுகிறது. உடம்பின் பாரம் விளிம்பில் இறங்கி, குருத்தெலும்பு சீக்கிரமே தேய்கிறது. பெண்களிடமும், வயிற்றில் தலை மேலாகப் புட்டம் கீழாக இருந்த குழந்தைகளிடமும் இது அதிகம். பந்தைக் குழி எவ்வளவு மூடுகிறது என்பதை எக்ஸ்ரேயில் கோணமாக அளப்பார்கள்: 25 டிகிரிக்கு மேல் இருந்தால் சரி, 20-க்குக் கீழே போனால் குறைபாடு.

கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் வார்ப்பட்டை போட்டே சரிசெய்துவிடலாம். வளர்ந்த பிள்ளைக்கு அறுவை சிகிச்சைதான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984-ல் தொடங்கிய முறை இன்று உலகெங்கும் நடக்கிறது. குழியைச் சுற்றி இடுப்பெலும்பை வெட்டி, குழியை மட்டும் விடுவித்து, பந்தின் மேல் கவியும்படி திருப்பி, திருகாணிகளால் இறுக்குகிறார்கள். இதன் சாமர்த்தியம் வெட்டாமல் விடும் இடத்தில்தான்: பின்பக்க எலும்புத் தூண் அறுபடுவதில்லை. அதனால் இடுப்பு வளையம் குலையாது. மாவுக்கட்டு தேவையில்லை, சில வாரம் ஊன்றுகோல் போதும். பெற்றோர் தயங்கிக் கேட்கும் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: பிரசவப் பாதை குறுகுவதில்லை, பிற்காலத்தில் சுகப்பிரசவத்துக்குப் பொதுவாகத் தடையில்லை.

குழிக்குள் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு மூடிய பிறகே இதைச் செய்வார்கள். அதற்கும் சிறிய பிள்ளைகளுக்கு வேறு வகை வெட்டுகள் உண்டு. நரம்புப் பாதிப்பு, எலும்பு கூடாமை போன்ற அபாயங்களும் இல்லாமலில்லை. இதில் பழகிய கைகளைத் தேடிப் போவதே புத்திசாலித்தனம்.

பெர்னில் முதன்முதலில் இந்தச் சிகிச்சை பெற்ற 75 மூட்டுகளில் சுமார் 60 சதவீதம், 20 ஆண்டு கழித்தும் மாற்றப்படாமல் உழைத்தன. தேய்மானம் முற்றியிருந்தவர்களுக்குப் பலன் குறைவு. ஆகவே பிள்ளை தொடை இடுக்கில் வலி என்று மாதக்கணக்கில் சொன்னால், "வளர்கிற வலி" என்று தைலம் தேய்த்து நாள் கடத்தாமல், எலும்பு மருத்துவரிடம் காட்டி ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.