தொலைந்த பொதிகளைத் தேடுதல்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மதுரையிலுள்ள பாட்டியுடன் காணொலியில் பேசும்போது, அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்பது ஏன்? குரல் சிறுசிறு தரவுப் பொதிகளாகப் பிரிந்து பயணம் செய்கிறது. அவற்றுள் சில வழியில் தொலைந்துவிடுகின்றன. நேரடிப் பேச்சில் அவற்றை மீண்டும் அனுப்பக் காலம் இருப்பதில்லை.

இழப்பு நேரும் இடத்தை அறிய, 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் உருவாக்கிய ‘பிங்’ என்னும் நிரல் உதவுகிறது. முதலில் வீட்டு ரௌட்டருக்கு 100 பொதிகளை அனுப்புக. சிலவற்றுக்கு மறுமொழி வாராவிடின், குறை வீட்டிற்குள்ளேயே உள்ளது. பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் வைஃபை அலையை வலுவிழக்கச் செய்யும். எனவே, கணினியை ரௌட்டருடன் கம்பிவடத்தால் இணைத்து மீண்டும் சோதிக்க. ரௌட்டர்வரை இழப்பின்றி, அதற்கு அப்பால் மட்டும் இழப்பு தொடர்ந்தால், பழுது வெளியில் உள்ளது எனலாம். அவ்வெண்ணிக்கையைக் குறித்துச் சேவை நிறுவனத்திடம் தெரிவித்தல் வேண்டும். அருகிலிருந்து தொலைவு நோக்கிச் சோதிப்பதே பழுதறியும் முறையாகும்.