பூங்காவும் ஒரு கருவிதான்

லண்டனின் கிரீன்விச் பூங்காவையும் அதன் குன்றின்மேல் நிற்கும் வானாய்வகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதே வழக்கம்: ஒன்று அறிவியல், மற்றது இளைப்பாற இடம். இந்தப் பிரிவினை சரியல்ல. 1675-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆய்வகம் அமைக்க இடம் கொடுத்தது அரச குடும்பத்தின் வேட்டைப் பூங்காவுக்குள். அந்தத் திறந்தவெளி இல்லாமல், வளர்ந்துகொண்டே போன ஒரு மாநகரத்தின் விளிம்பில் கிட்டத்தட்ட 3 நூற்றாண்டுகள் விண்மீன்களை அளந்திருக்க முடியாது. அங்கே தலைமை வானியலாளராக இருந்த ஜார்ஜ் எய்ரி 1851-ல் இயக்கத் தொடங்கிய தொலைநோக்கியையே எடுத்துக்கொள்வோம். விண்மீன் வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும் கணத்தையும் அதன் உயரத்தையும் அளப்பது அதன் வேலை. உயரம் சரிதானா என்று பார்க்க, தொட்டியில் ஊற்றிய பாதரசத்தில் தெரியும் விண்மீனின் பிம்பத்தையும் அளப்பார்கள். தரை லேசாக அதிர்ந்தாலும் பிம்பம் கலைந்துவிடும். பூங்கா வழியாக ரயில்பாதை போட வந்த யோசனைகளை எய்ரி எதிர்த்தது இதனால்தான். காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளுக்கோ வேறு தொல்லை, கட்டடங்களில் இருந்த இரும்பு. 1890-களின் இறுதியில் அவற்றுக்கென்று பூங்காவுக்குள்ளேயே தள்ளி ஒரு கூடம் எழுந்தது.

பொதுமக்கள் நடமாடும் பூங்கா எப்படி அமைதியான இடமாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடுமுறை நாட்களில் கூட்டம் சரிவில் ஓடி இறங்கி விளையாடினால், நள்ளிரவு தாண்டியும் பாதரசம் அடங்காது என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. ஆனால் கூட்டம் வீடு திரும்பிவிடும். ரயில் தினமும் ஓடும். இன்னொரு ஆட்சேபம் இன்றைய செயற்கைக்கோள்களிடமிருந்து வருகிறது. அவை காட்டும் பூஜ்ய தீர்க்கரேகை, எய்ரியின் தொலைநோக்கி வழியே வரையறுத்த பழைய பூஜ்யக் கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கே போகிறதே, அப்புறம் என்ன துல்லியம்? விடை பாதரசத்திடமே இருக்கிறது: அது அந்த இடத்து ஈர்ப்பு விசைக்கு ஏற்பவே மட்டமாகும். கிரீன்விச்சில் அந்த ஈர்ப்பு பூமியின் மையத்திலிருந்து மிகச் சிறிது விலகிய திசையில் இழுக்கிறது. பிழை அளந்தவர்களுடையது அல்ல.

உண்மையில் பூங்கா தோற்றது வானத்திடம். நகரத்தின் புகையையும் தெருவிளக்குகளின் ஒளியையும் எந்த மரவரிசையும் தடுக்கவில்லை; 1948-ல் தலைமை வானியலாளரே சசெக்ஸில் உள்ள ஹெர்ஸ்மான்சோ கோட்டைக்குக் குடிபெயர்ந்தார். ஆய்வகத்தைச் சுற்றி மதிலும் மரமும் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணும் அரசுகள் இதைக் கவனிக்க வேண்டும்: பூங்கா தரையைக் காக்கும், வானத்தைக் காக்க, பல கிலோமீட்டர் சுற்றளவுக்கு விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும்.